காயமும் காரணமும்

என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் பல ஆண்டுகளாக அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி வாழ்கிறான். அந்நாட்டு மத்திய அரசாங்கத்தின் அலுவலகம் ஒன்றில் பண்டகசாலைப் பணி அவனுக்கு. சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், அலுவலகத்துக்குச் சொந்தமான வண்டி நிறுத்தும் வெளியில் தன் காரைவிட்டு இறங்கி நடந்தவன், தரையில் கண்ணாடிபோல் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான். வலது முழங்கால் திருகிக்கொண்டது. எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே சென்றான். மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னான். அன்றைய வேலையையும் முடித்துவிட்டே வீடு சேர்ந்தான். மறுநாள் அக்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. "ஐயா, எனக்கு நேர்ந்த காயம் சிறிது, அதற்காக நான் எழுத நேர்ந்த காகிதமோ பெரிது" என்று அவன் பிற்பாடு எனக்கு எழுதினான். அக்கடிதம் வந்த பின்னரே, தன் ஊழியர் காயமுற்றால் அந்நாட்டு அரசாங்கம் என்ன செய்கிறது என்பதை நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அங்கே தனியார் தொழிற்சாலைகளில் அடிபடுவோர்க்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் ஊழியர்க்கோ நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். மத்திய ஊழியர் நட்டஈட்டுச் சட்டம் என்று அதனைத் தமிழில் கூறலாம். கடிதம் சுமக்கும் தபால்காரர், முன்னாள் படைவீரர் மருத்துவமனைத் தாதி, காட்டுத்தீயை அணைப்பவர், சுங்கச் சோதகர், ஆராய்ச்சிசாலை விஞ்ஞானி, எழுத்தர் என 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் நிழலில் இருக்கின்றனர். சீருடைப் படைவீரர் இதில் சேரார். அவர்க்கு வேறு ஏற்பாடு உண்டு. அமைதிப் படை என்னும் பெயரில் வெளிநாடுகளுக்குச் செல்லும் தொண்டர்களும் இச்சட்டத்திற்குள் வருவர் என்பது பலர் அறியாத செய்தி. 1961 முதல் 1976 வரை நம் நாட்டுக் கிராமங்களில் தங்கிக் கோழி வளர்ப்பும் பிறவும் கற்பித்த அமெரிக்க இளைஞர்கள், இங்கே தடுக்கி விழுந்து எலும்பு முறித்திருந்தால், அவர்களுடைய மனுவும் இச்சட்டத்தின் கீழேயே சென்றிருக்கும்.

இது எளிதில் வந்த சட்டமன்று. அரசின்மீது அதன் இசைவின்றி வழக்குத் தொடுக்கலாகாது என்பது ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கர் பெற்றுக்கொண்ட பழைய கொள்கை. முடியரசை நீக்கிய பின்னும் அம்முடியரசின் கவசத்தை மட்டும் வைத்துக்கொண்டனர் போலும்! ஆகவே, அரசாங்க வேலையில் கையிழந்தவனும் காலிழந்தவனும் வழக்குமன்றம் செல்ல வழியில்லை. காங்கிரசு எனப்படும் சட்டசபையில் தன் பெயருக்கென ஒரு தனிச் சட்டம் நிறைவேறினால்தான் அவனுக்குப் பணம் கிட்டும்.

இதன் கொடுமையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். வாஷிங்டன் நகரில் ஃபோர்டு நாடகசாலை என்று ஒன்றுண்டு. 1865இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இடம் அதுவே. பின்னர் அரசாங்கம் அக்கட்டடத்தை எடுத்துக்கொண்டு, யுத்த இலாகாவின் பதிவேடுகளை அங்கே வைத்தது. 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள், மின்விளக்கு இயந்திரம் அமைப்பதற்காகக் கீழே நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, தூண் ஒன்று நிலைகுலைந்து மேல்தளங்கள் இடிந்து வீழ்ந்தன. மேசையருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தர்களில் 22 பேர் மாண்டனர். மேலும் பலர் காயமுற்றனர். பேனா பிடித்து எழுதும் வேலையில் ஆபத்து ஏது என்போர்க்கு இதுவே விடை. அவ்வெழுத்தர்களின் மனைவி மக்களுக்கு உரிமையாகக் கேட்பதற்கு அன்று ஒரு சட்டமும் இல்லை. காங்கிரசு அவ்விபத்தைத் தனியே ஆராய்ந்து, தனியே பணம் ஒதுக்க நேர்ந்தது.

அதற்கு முன் 1882இல், கடலில் மூழ்குவோரைக் காக்கும் கரையோர மீட்புப் பணியினர்க்கு மட்டும், காயமுற்ற காலத்தில் சம்பளம் தொடருமாறு ஒரு சட்டம் இருந்தது. 1908இல் தியோடோர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராயிருந்தபோது சற்று விரிந்ததொரு சட்டம் வந்தது. ஆயுதசாலை, கப்பற்கட்டும் துறை, பனாமாக் கால்வாய் முதலிய ஆபத்தான வேலைகளில் உள்ளவர்க்கு ஓராண்டு வரை சம்பளம் கொடுக்கலாம் என்றது அது. ஆயின் காயம் அவனுடைய கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. மருத்துவச் செலவுக்கும் அதில் இடமில்லை. கால் முறிந்தவனுக்குச் சம்பளம் உண்டு, கட்டுப் போடக் காசு இல்லை என்பது எத்தகைய கருணை!

இன்று வழங்கும் சட்டம் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் உட்ரோ வில்சன் கையெழுத்திட்டது. இதன் அடிப்படை ஓர் உடன்பாடு. காயத்துக்கு யார் பொறுப்பு, யாருடைய தவறு என்று அரசு கேட்பதில்லை. வேலையில் நேர்ந்ததா என்று மட்டுமே கேட்கிறது. ஊழியன் கவனக்குறைவாக நடந்திருந்தாலும் அவனுக்கு உரிமை உண்டு. வேண்டுமென்றே தீங்கு தேடினான், அல்லது குடிபோதையே காயத்துக்குக் காரணம் என்றால்தான் கதவு அடைபடும். இதற்கு ஈடாக ஊழியன் விட்டுக்கொடுப்பது, அரசின்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை. இவ்வொரு வழியன்றி வேறு வழியில்லை என்பதை 1949ஆம் ஆண்டுத் திருத்தம் ஐயமின்றி உறுதி செய்தது. தபால்காரரை நாய் கடித்தால் நாயின் சொந்தக்காரர்மீது வழக்கிடலாம்; அது மூன்றாமவர் பொறுப்பு. அவ்வழக்கில் பணம் கிடைத்தால் அரசு தான் கொடுத்ததைத் திரும்பப் பெறும். எனினும் செலவு போக எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கையேனும் காயமுற்றவர் கையில் விட வேண்டும். நாய்க்கடியை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2023இல் மட்டும் அந்நாட்டுத் தபால் ஊழியர்க்கு 5,800க்கு மேற்பட்ட நாய்த் தாக்குதல்கள் நேர்ந்தன.

இனி என் மாணாக்கன் செய்தியைப் பார்ப்போம். அவன் விழுந்தபோது வேலை நேரம் தொடங்கவில்லை. உடன் பணிபுரியும் ஒருவர், "நீ இன்னும் வேலையைத் தொடங்கவேயில்லையே, இது எப்படி அலுவலகக் காயமாகும்?" என்று கேட்டிருக்கிறார். அவனும் அதை நம்பிவிட்டான். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் பொதுச்சாலையில் நேரும் விபத்து பெரும்பாலும் இச்சட்டத்தில் அடங்காது என்பது உண்மையே. ஆனால் அலுவலகத்துக்குரிய நிலத்தில் கால் வைத்துவிட்டால் நிலைமை வேறு. வேலைக்கு வருவதும் போவதும், அதற்கு வேண்டிய சிறிது நேரமும், அவ்வெல்லைக்குள் வேலையின் பகுதியாகவே கருதப்படும். அவ்வண்டி நிறுத்தும் வெளி அலுவலகத்தின் நிலமாகையால் அவனுடைய காயம் பணியில் நேர்ந்த காயமே. இதனை அவன் அறிந்துகொள்வதற்குள் ஆறு வாரம் கழிந்துவிட்டது.

அந்த ஆறு வாரத்தின் விலை என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே நாளில், ஒரே நிகழ்ச்சியால் நேரும் காயத்துக்கு 'சி.ஏ. 1' என்று ஒரு படிவம் உண்டு. காயமுற்ற 30 நாளுக்குள் அதனை எழுதிக் கொடுத்தால், வேலை செய்ய இயலாத காலத்தில் 45 நாள் வரை முழுச் சம்பளமும் தடையின்றி வரும். நட்டஈட்டு மனுவின் முடிவுக்காக அடுப்பை அணைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்பதற்காக 1974இல் செய்த ஏற்பாடு இது. தபால் ஊழியர்க்கு மட்டும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதல் மூன்று நாள் சம்பளம் கழிக்கப்படும்; இயலாமை 14 நாளுக்கு மேல் நீடித்தால் அதுவும் திரும்பக் கிடைக்கும். 30 நாள் தவறினால் மனுவே போய்விடாது. மூன்றாண்டுக்குள் மனு செய்யலாம். ஆனால் அந்த 45 நாட் சம்பளம் போயிற்று. என் மாணாக்கன் தான் சேர்த்து வைத்திருந்த நோய்விடுப்பைச் செலவிட்டே அந்நாட்களைக் கழித்தான்.

மருத்துவத்திலும் அவ்வாறே. காயமுற்ற சில மணி நேரத்துக்குள் மேலதிகாரி 'சி.ஏ. 16' என்னும் படிவத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அதனை எடுத்துக்கொண்டு ஊழியன் தான் விரும்பும் மருத்துவரிடம் செல்லலாம். 60 நாள் வரையிலான சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்றதாக அதன் பொருள். பின்னர் மனு தள்ளப்பட்டாலும் அப்படிவத்தை நம்பிச் செய்த சிகிச்சைக்குப் பணம் உண்டு. ஆனால் ஒரு வாரம் கடந்தபின் அப்படிவம் வழங்கப்படுவதில்லை. ஆரம்ப காலத்தில் காயமுற்றவர் அரசாங்க மருத்துவரிடமோ அரசு குறித்த மருத்துவரிடமோதான் செல்ல வேண்டியிருந்தது. தம் மருத்துவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் 1974இல் வந்ததே. முதல் தேர்வு ஊழியனுடையது. பிறகு மாற்ற வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும். ஆதலின் அவசரத்தில் அகப்பட்டவரிடம் செல்லாமல், சற்று யோசித்துத் தேர்வது நலம்.

இவ்விடத்தில் என் மனத்தில் படும் குறை ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஓர் இலாகாவின் ஊழியர்க்குக் கொடுக்கப்படும் நட்டஈட்டுப் பணம், ஆண்டுதோறும் அந்த இலாகாவின் கணக்கிலேயே பற்று எழுதப்படுகிறது. விபத்தைக் குறைக்க இலாகா முயலட்டும் என்பது நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆனால் காயமுற்றவன் கொடுக்கும் படிவத்தின் மறுபாதியை நிரப்புபவரும் அதே இலாகாவின் மேலதிகாரிதாம். முடிவு செய்வது தொழிலாளர் இலாகாவைச் சேர்ந்த நட்டஈட்டு அலுவலகம். மேலதிகாரியிடம் முடிவு இல்லை. இருந்தும், விழுந்தவனிடம் முதல் நாளே காகிதத்தை நீட்டும் ஆர்வம் எல்லா மேலதிகாரிகளிடத்தும் ஒன்றுபோல் இராது. காலவரையறையின் பாரமோ விழுந்தவன் தலைமேல் இருக்கிறது. வலியோடு இருப்பவன் சட்டம் படிப்பானா?

மனு சென்றபின் அலுவலகத்தார் ஐந்து வினாக்களுக்கு விடை தேடுவர். மனு காலத்துக்குள் வந்ததா, இவர் மத்திய ஊழியர்தாமா, சொன்ன நிகழ்ச்சி நடந்ததா, அது பணியின்போது நடந்ததா என்பவற்றுக்குப் பெரும்பாலும் எளிதில் விடை கிடைத்துவிடும். ஐந்தாம் வினாவில்தான் பலர் இடறுகின்றனர். அந்நிகழ்ச்சிதான் இந்நோயை உண்டாக்கியதா? இதற்கு ஊழியன் சொல் சான்றாகாது. உடனிருந்தவர் சொல்லும் சான்றாகாது. மருத்துவர் எழுதித் தரவேண்டும். அதுவும் காரணத்தோடு எழுத வேண்டும்.

நான் பள்ளியில் வினாத்தாள் குறிக்கும்போது 'காரணங் கூறுக' என்னும் வினா ஒன்றேனும் சேர்ப்பது வழக்கம். 'கடற்கரை நாடுகளில் வெப்பம் மிதமாயிருக்கும். காரணங் கூறுக' என்று கேட்டால், 'கடல் அருகில் இருப்பதால்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பையன் எழுந்து போவான். விடை பிழையன்று, ஆனால் கடல் என்ன செய்கிறது என்று அதில் இல்லை. அரை மதிப்பெண் போட்டு அனுப்புவேன். என் மாணாக்கனுடைய மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அத்தகைய ஒரு வரியே. முழங்கால் நோய் விழுந்ததனால் ஏற்பட்டிருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார். 'கூடும்' என்ற சொல்லை அங்கே ஊகம் என்று தள்ளிவிடுவர். மேலும் அவனுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. முழங்காலில் தேய்மானம் முன்னரே இருந்தது என்று நிழற்படம் காட்டியது. தேய்மானத்தால் வந்த வலியா, விழுந்ததனால் வந்த வலியா என்பதற்கு அந்த ஒரு வரியில் விடை இல்லை. முதல் முடிவு அவனுக்கு எதிராக வந்தது. கிடைத்த காகிதத்தை வைத்துப் பார்த்தால் அதனைக் குறை கூற இயலாது.

பழைய நோய் இருந்தால் உரிமை போய்விடும் என்று எண்ணிவிடலாகாது. பழைய நோயை வேலை அதிகப்படுத்தினாலும், விரைவுபடுத்தினாலும், அதுவரை உறங்கியதை எழுப்பிவிட்டாலும் சட்டம் அதனை ஏற்கும். ஆனால் அதனை மருத்துவர் விளக்க வேண்டும். இரண்டாவதாக அவன் கண்ட எலும்பு மருத்துவர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினார். கால் எவ்வாறு ஊன்றியிருந்தது, உடல் எப்பக்கம் திரும்பியது, அத்திருகலில் முழங்காலின் உள்ளே இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு எவ்வாறு நசுங்கிக் கிழியும், விழுமுன் அவன் தடையின்றி நடந்தான் என்பதற்கு என்ன குறிப்பு உண்டு, நிழற்படத்தில் தெரியும் கிழிசலில் தேய்மானத்தால் ஆகாத பகுதி எது என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். முதல் மருத்துவர் கெட்டிக்காரர் அல்லர் என்று நான் சொல்ல வரவில்லை. நோயைத் தீர்ப்பது ஒரு கலை. நோய் எங்கிருந்து வந்தது என்று அயலார்க்குப் புரியுமாறு எழுதுவது இன்னொரு கலை.

முடிவு எதிராக வந்தால் ஊழியனுக்கு மூன்று வழிகள் உண்டு. 30 நாளுக்குள் வாய்மொழி விசாரணை கேட்கலாம். ஓராண்டுக்குள் புதிய சான்று காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். 180 நாளுக்குள், 1946இல் அமைந்த மேல் முறையீட்டுக் குழுவுக்குச் செல்லலாம். அக்குழுவுக்கு அப்பால் நீதிமன்றம் இல்லை. அரசைக் காத்த பழைய கவசத்தின் ஒரு துண்டு இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் மாணாக்கன் புதிய மருத்துவ அறிக்கையோடு மறுபரிசீலனை கேட்டான். மனு ஏற்கப்பட்டது.

ஏற்கப்பட்டது என்றால் எது ஏற்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். முழங்காலுக்கு வரும் எல்லா நோய்க்கும் அரசு பொறுப்பேற்பதில்லை. கடிதத்தில் பெயர் குறித்து ஏற்ற நோய்க்கு மட்டுமே. சுளுக்கு என்று ஏற்றிருந்தால் சுளுக்குக்குச் சிகிச்சை; குருத்தெலும்புக் கிழிசலுக்கு அறுவை செய்ய வேண்டுமானால் அதனையும் சேர்த்து ஏற்குமாறு மருத்துவர் காரணத்தோடு எழுதி, முன்னனுமதியும் பெற வேண்டும். இதனை அறியாது அறுவை மேசை வரை சென்று திரும்புவோரும் உண்டு. ஏற்ற நோய்க்கோ தாராளம்தான். மருத்துவர், மருந்து, உடற்பயிற்சி, ஊன்றுகோல், மருத்துவரிடம் சென்று வரும் வண்டிச் செலவு வரை அரசினுடையது. திட்டத்தில் பதிவு செய்துகொண்ட மருத்துவர், அரசு கொடுக்கும் கட்டணத்துக்கு மேல் நோயாளியிடம் ஒரு காசும் கேட்கக்கூடாது. அலுவலகத்தார் தம் பக்கம் வேறொரு மருத்துவரைக் கொண்டு சோதிக்கலாம். அவரும் நோயாளியின் மருத்துவரும் முரண்பட்டால், நடுநிலையான மூன்றாம் மருத்துவர் தீர்ப்பர்.

ஒரு நாளில் நேராமல் நாட்பட வரும் நோய்களுக்கு 'சி.ஏ. 2' என வேறு படிவம். அங்கே அந்த 45 நாட் சம்பளம் இல்லை. காரணம் காட்டுவதும் மிகக் கடினம். இருபது ஆண்டு புகையைச் சுவாசித்த தீயணைப்பாளர்க்குப் புற்றுநோய் வந்தால், எந்த நாள் எந்தப் புகை என்று எவர் எழுத முடியும்? மனுச் செய்தவர் மாண்ட பின்னும் காரணம் தேடிக்கொண்டிருப்பதில் என்ன பயன்? 2022 டிசம்பரில்தான் இதற்கு விடிவு பிறந்தது. ஐந்தாண்டேனும் தீயணைக்கும் பணி செய்த மத்திய ஊழியர்க்கு, குறித்த சில புற்றுநோய்களும் பிற நோய்களும் வந்தால், அவை பணியால் வந்தவை என்றே கொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றினர். 2021இல் கொரோனாத் தொற்றுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு இவ்வாறே செய்தனர். மக்களோடு பழகிப் பணியாற்றியவர்க்கு எந்தக் கையிலிருந்து தொற்று வந்தது என்று கேட்பதை விட்டனர். காரணங் கூறுக என்னும் வினாவைக் கேட்கத் தகாத இடமும் உண்டு என்பதை அரசும் அறிந்துகொண்டது.

சம்பள இழப்புக்குக் கிடைப்பது, குடும்பம் இல்லாதவர்க்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மனைவியோ மக்களோ சார்ந்திருந்தால் நான்கில் மூன்று பங்கு. அதற்கு வருமான வரி இல்லை. இவையன்றி, உறுப்பு நிரந்தரமாகக் குறைவுற்றால் அதற்கெனத் தனி அட்டவணை ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கை முழுதும் இழந்தால் 312 வாரச் சம்பளப் பங்கு, கால் 288 வாரம், மணிக்கட்டுக்குக் கீழ் 244, பாதம் 205, கண் 160, கட்டைவிரல் 75, சிறுவிரல் 15. மனித உடலை இவ்வாறு வாரக்கணக்கில் நிறுப்பதைப் படிக்கும்போது முதலில் எனக்கு மனம் கூசியது. பிறகு, விலையே குறிக்காதிருந்த 1893ஆம் ஆண்டினை நினைத்துக்கொண்டேன். இவ்வட்டவணையில் முதுகுக்கு இடமில்லை என்பது வியப்பானது. சுமை தூக்குவோர்க்கு முதலில் போவது முதுகுதான். அதிலிருந்து நரம்பு வழியே கைகால் பாதிக்கப்பட்டால்தான் அந்தக் கைகாலின் கணக்கில் ஏதேனும் கிடைக்கும்.

என் மாணாக்கனுக்கு அறுவை நடந்தது. ஏழு மாதம் கழித்து, இனி இதற்குமேல் தேறாது என்ற நிலையில் சோதித்து, காலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறை என்று கணக்கிட்டனர். 288இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 28.8 வாரத் தொகை வந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டாலும் இத்தொகை உண்டு. செலவிட்ட நோய்விடுப்பையும், அதற்குரிய பணத்தில் ஒரு பங்கைத் தானே கட்டி, மீண்டும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். தவறவிட்ட 45 நாட் சம்பளம் மட்டும் தவறியதுதான்.

அவன் இப்பொழுதும் அதே வெளியில்தான் வண்டியை நிறுத்துகிறான். மாடிப்படி ஏறும்போது முழங்காலில் சிறிய ஒலி கேட்கிறதாம். பனிக்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே அங்கே உப்புத் தூவிவிடுகிறார்களாம்.